கழுத்து வலியும் படபடப்பும்: கொரோனாவுக்குப் பிறகு என் தைராய்டு பட்ட பாடு

விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டரில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று ஆக்சிஜன் அளவு, இன்னொன்று நாடித் துடிப்பு. 2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தபோது, வீட்டில் தனிமையில் இருந்த 17 நாளும் காலை, மதியம், ராத்திரி என்று ஆக்சிஜன் எண்ணை மட்டும் பார்த்து நோட்டில் எழுதி வைத்தேன். 97, 98, 97. அது 94-க்குக் கீழே இறங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று தினமும் போன் செய்து விசாரித்த பெண் சொல்லியிருந்தார். நாடித் துடிப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜூலையில், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அந்த இரண்டாவது எண் 118, 122 என்று காட்டியது. அப்போதும் ஆக்சிஜன் 98 இருக்கிறதே என்று நிம்மதியாகக் கழற்றி வைத்துவிட்டேன். அன்றைக்கே அதைக் கவனித்திருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

போன மாதம் எங்கள் ஆபீஸ் அக்கா ஒருவர், தன் தங்கைக்குக் கொரோனா வந்து போன ஒரு மாதத்தில் தாடையிலிருந்து காது வரை வலிக்கிறது, பல் டாக்டரிடம் காட்டப் போகிறாள் என்று சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் கழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வலிக்கிறதா என்று கேளுங்கள் என்றேன். அன்று ராத்திரிதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு அப்போது 37 வயது. மதுரையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலை. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். அந்தச் சமயத்தில் அவரால் வர முடியவில்லை. பையன் ஐந்தாம் வகுப்பு. கொரோனா என்னை அப்படி ஒன்றும் புரட்டிப் போடவில்லை. நாலு நாள் காய்ச்சல், உடம்பு வலி, வாசனை தெரியவில்லை, அவ்வளவுதான். மே கடைசியில் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டேன். ஊரெல்லாம் ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்துகொண்டிருந்த நேரத்தில், நாம் தப்பித்துவிட்டோம் என்று மீனாட்சிக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 20-ஐ ஒட்டி வலது பக்கத் தாடைக்குக் கீழே ஒரு வலி தொடங்கியது. காதுக்குள்ளே குத்துகிற மாதிரி இருக்கும், எச்சில் விழுங்கினால் கூடும். அந்தப் பக்கம் கடைவாயில் பழைய அடைப்பு ஒன்று இருந்ததால் பல்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பல் டாக்டரிடம் போய் “இந்தப் பல் வலிக்கிறது டாக்டர்” என்றுதான் சொன்னேன். அவர் எக்ஸ்ரே எடுத்தார், அடைப்புக்குக் கீழே லேசாக ஏதோ இருக்கிறது என்றார், வேர் சிகிச்சை செய்து மேலே கேப் போட்டார். மூன்று தடவை போய் வந்ததில் 7,500 ரூபாய். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குத் தப்பான வழியைக் காட்டியதே நான்தான். வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது, எது செய்தால் கூடுகிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் அவரே சந்தேகப்பட்டிருக்கக்கூடும். டாக்டரிடம் போகும்போது வியாதியின் பெயரை நாமே வைத்துக்கொண்டு போகக் கூடாது என்பதை அந்த 7,500 ரூபாயில் கற்றுக்கொண்டேன்.

கேப் போட்ட இரண்டாம் நாள் வலி இடது பக்கத்துக்கு மாறியது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல் வலி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவாது. தைராய்டு கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வலித்தது அதுதான். அதில் வருகிற இந்த வகை அழற்சி, அதாவது சுரப்பி வீங்கி வலிப்பது, ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கத்துக்கு நகர்வது வழக்கமான அடையாளம் என்று பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்கு அது புரியவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். தொண்டைப் புண் என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக், கேட்காததால் வேறொன்று ஏழு நாள். 2,200 ரூபாய். இதற்கு நடுவே சாயங்காலம் ஆனால் 100, 101 என்று காய்ச்சல். மறுபடி கொரோனாவோ என்று பயந்து முகாமில் போய்ப் பரிசோதனை கொடுத்தேன். நெகட்டிவ். பையனைப் பக்கத்தில் விடாமல் முடிவு வரும்வரை இரண்டு ராத்திரி தனி அறையில் படுத்திருந்தேன். அவன் கதவுக்கு வெளியே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டான்.

ஜூலை நடுவில்தான் மற்றவை வரிசையாக வந்தன. மாடிப்படி ஏறினால் நெஞ்சு வாய்க்கே வந்துவிடும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வேர்க்கும். தூக்கம் ராத்திரி இரண்டு மணியோடு சரி. பசித்துச் சாப்பிட்டேன், ஆனாலும் ஒரு மாதத்தில் 6 கிலோ குறைந்தது. ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்தது. பார்ப்பவர்கள் “கொரோனா உன்னை உருக்கிடுச்சே” என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கை நடுக்கம் தெரியவந்த விதம் மறக்காது. பையனின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்குக் காசோலை கொடுத்திருந்தேன். கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. இருபது வருஷமாகப் போடுகிற கையெழுத்து. வீட்டில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வரிசையாகப் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன். பத்தும் பத்து மாதிரி, கோடெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி நெளிந்தன. அந்தத் தாளைப் பார்த்து அழுதுவிட்டேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவளுக்குக் கை போனால் என்ன மிச்சம்?

அப்புறம் இதய டாக்டர். இசிஜி, எக்கோ, கட்டணம் எல்லாம் சேர்த்து 2,600. இதயம் நன்றாக இருக்கிறது, துடிப்பு மட்டும் வேகம், கொரோனாவுக்குப் பிறகு பலருக்கு இருக்கிற பதற்றம்தான் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தனியாக இருக்கிற பெண், புருஷன் வெளிநாட்டில், நாடு முழுக்கச் சாவு, பதற்றம் இருக்காதா என்று எனக்கே அது நியாயமாகப் பட்டது. ஆனால் கழுத்து வலிக்கும் காய்ச்சலுக்கும் பதற்றம் எப்படிக் காரணமாகும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாயே வரவில்லை. உங்களுக்கு இப்படி நடந்தால், எல்லா அறிகுறியையும் ஒரே தாளில் தேதி போட்டு எழுதி எந்த டாக்டரிடமும் அதையே நீட்டுங்கள். நான் பல்லைப் பல் டாக்டரிடமும், தொண்டையைத் தொண்டை டாக்டரிடமும், படபடப்பை இதய டாக்டரிடமும் கூறு போட்டுக் கொடுத்தேன். முழு உடம்பையும் யாருமே பார்க்க நான் விடவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் நானாகவே ஒரு லேபில் 1,800 ரூபாய்க்கு முழு உடல் பரிசோதனை கொடுத்தேன். தைராய்டைச் சுரக்கத் தூண்டுகிற டிஎஸ்ஹெச் 0.01-க்கும் கீழே, தைராய்டு சுரக்கிற ஹார்மோனான டி4 அளவுக்கு மேலே. நம் தெருவில் பாதிப் பேருக்குத் தைராய்டு என்றால் டிஎஸ்ஹெச் கூடுவதுதான் தெரியும், அதுதான் சுரப்பு குறைவு. குறைந்தால் நல்லதுதானே என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி இல்லை. மூளைக்குக் கீழே இருக்கிற பிட்யூட்டரி, ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டிஎஸ்ஹெச்சைக் கூட்டும், ஹார்மோன் அதிகமானால் குறைத்துவிடும். என்னுடையது தரைமட்டமாகக் கிடந்தது என்றால் ரத்தத்தில் ஹார்மோன் வழிகிறது என்று அர்த்தம்.

பக்கத்துக் கிளினிக்கில் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கார்பிமசோல் எழுதினார்கள். சுரப்பைக் குறைக்கும் மாத்திரை. டாக்டர் கட்டணமும் மாத்திரையும் 900 ரூபாய். இரண்டரை வாரம் தவறாமல் போட்டேன். கழுத்து வலி கொஞ்சமும் அசையவில்லை. எச்சில் விழுங்கப் பயந்து கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருந்தேன். சாப்பாடு கஞ்சிதான். சம்பளமில்லா விடுப்பு ஒன்றரை மாதத்தைத் தொட்டது.

கடைசியில் ஆகஸ்ட் 23 அன்று ஹார்மோன் சிறப்பு மருத்துவரிடம் போனேன். அவர் என் ரிப்போர்ட்டைத் திறக்கவே இல்லை. “கொரோனா வந்துச்சாம்மா? எப்போ?” என்று கேட்டார். மே என்றேன். “கழுத்து வலி எப்போ ஆரம்பிச்சது?” ஜூன் என்றேன். எழுந்து பின்னால் வந்து நின்று இரண்டு கை விரல்களாலும் கழுத்தின் முன்பக்கத்தை லேசாகத் தொட்டார். நான் கத்திய கத்தலில் வெளியே இருந்த நர்ஸ் கதவைத் திறந்து பார்த்தார். இரண்டு மாதத்தில் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

சப்அக்யூட் தைராய்டிடிஸ் என்று பெயர் சொன்னார். வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகு, பெரும்பாலும் 2 முதல் 8 வாரத்துக்குள், தைராய்டு வீங்கி வலிக்கிற அழற்சி. புது வியாதி இல்லை. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த டி குவெர்வெய்ன் என்ற அறுவை மருத்துவர் 1904-லேயே இதை விவரித்திருக்கிறார், அவர் பெயராலும் இதைச் சொல்வார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. கொரோனாவுக்குப் பிறகு இது வந்ததாக முதலில் பதிவானது இத்தாலியின் பீசா நகரத்தில், 18 வயதுப் பெண்ணுக்கு. 2020 மே மாதமே அந்தக் கட்டுரை வெளியாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் லேசான கொரோனாதான். எனக்குக் காய்ச்சல் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே உலகத்துக்குத் தெரிந்த விஷயம், நான் போன நாலு இடத்திலும் யார் வாயிலும் வரவில்லையே என்கிற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்துகிற ஏசிஇ2 என்ற வாசல் நுரையீரலில் இருப்பதுபோல் தைராய்டு செல்களிலும் இருக்கிறதாம்.

கார்பிமசோல் ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னது இது: “உங்க குதிர் உடைஞ்சு நெல் கொட்டிக்கிட்டிருக்கு. வயல்ல விளைச்சலைக் குறைச்சா கொட்டுறது நிக்குமா?” தைராய்டு சில மாதங்களுக்குத் தேவையான ஹார்மோனைச் செய்து சேமித்து வைக்கிற சுரப்பி. அழற்சியில் அந்தச் சேமிப்பு உடைந்து ரத்தத்தில் கசிகிறது. சுரப்பி கூடுதலாக எதையும் சுரக்கவில்லை. சுரப்பைக் குறைக்கிற மாத்திரைக்கு அங்கே வேலையே கிடையாது. டிஎஸ்ஹெச் குறைந்திருப்பது, தைராய்டு நிஜமாகவே அதிகமாகச் சுரக்கிற கிரேவ்ஸ் நோயிலும் வரும், இதிலும் வரும். அந்த ஒரு எண்ணை வைத்து எது என்று சொல்ல முடியாது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டுகிற இஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை எனக்கு 86 என்று மிக அதிகமாக இருந்தது, ஸ்கேனில் சுரப்பி திட்டுத் திட்டாகக் கறுத்து, ரத்த ஓட்டம் குறைவாக இருந்தது. அதோடு தொட்டால் உயிர் போகிற வலி. இந்த மூன்றும் சேர்ந்ததில் சந்தேகமில்லை என்றார். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் கதிரியக்க மருந்து கொடுத்து ஐசோடோப் ஸ்கேன் எடுப்பார்களாம். தாய்ப்பால் கொடுப்பவர்களும் கர்ப்பமாக இருக்கலாம் என்று நினைப்பவர்களும் அதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இன்னொன்றும் அவசரமாகச் செய்தார், வெள்ளை அணுக்கள் எண்ணிக்கை. கார்பிமசோல் சிலருக்கு வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும், அதன் அறிகுறியே தொண்டை வலியும் காய்ச்சலும்தான். எனக்கு அவை ஏற்கெனவே இருந்ததால், அணுக்கள் குறைந்திருந்தாலும் வெளியே தெரிந்திருக்காது. நல்லவேளை, எனக்கு எண்ணிக்கை சரியாக இருந்தது. கார்பிமசோல் எடுப்பவர்கள் யாராக இருந்தாலும், தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தம் பாருங்கள்.

அடுத்து ஸ்டீராய்டு என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. அந்த மாதங்களில் கறுப்புப் பூஞ்சை, கண்ணை எடுத்தார்கள், தாடையை எடுத்தார்கள் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீராய்டுதான் காரணம் என்றும் சொன்னார்கள். பயத்தை அவரிடமே சொன்னேன். முதலில் சர்க்கரை பார்த்தார், மூன்று மாத சராசரியும் பார்த்தார். கட்டுப்படாத சர்க்கரையும் அதிக அளவு ஸ்டீராய்டும் சேரும்போதுதான் அந்த ஆபத்து பெரிது, உங்களுக்குச் சர்க்கரை இல்லை, ஆனாலும் வாரம் ஒரு முறை பார்ப்போம் என்றார். பிரெட்னிசோலோன் 30 மில்லிகிராம், காலை சாப்பாட்டுக்குப் பிறகு; படபடப்புக்கு ப்ரோப்ரனலால். இரண்டாவதை எழுதும் முன் வீசிங், ஆஸ்துமா உண்டா என்று கேட்டார், இருந்தால் அது கூடாதாம். வலி லேசாக இருப்பவர்களுக்கு ஸ்டீராய்டு இல்லாமல் வலி மாத்திரையே போதும் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை இட்லியைப் பிட்டு வாயில் வைத்து, வழக்கம்போல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினேன். வலிக்கவில்லை. இன்னொரு வாய். வலிக்கவில்லை. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு மஸ்கட்டுக்கு போன் போட்டேன்.

இங்கே ஒரு பெரிய தப்பு செய்தேன். பன்னிரண்டாம் நாள், உடம்பு நன்றாகிவிட்டதே, ஸ்டீராய்டை எதற்கு இழுப்பானேன் என்று நானே நிறுத்திவிட்டேன். ஐந்தாம் நாள் வலி திரும்பி வந்தது, இந்தத் தடவை இரண்டு பக்கமும். டாக்டர் திட்டவில்லை, ஆனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வாரத்துக்கு 5 மில்லிகிராம் என்று குறைத்து முடிக்க நவம்பர் ஆகிவிட்டது. இந்த அழற்சி சீக்கிரம் நிறுத்தினால் திரும்பும். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதே உடம்புக்கும் கெடுதல். அவர் எழுதிக் கொடுத்த அட்டவணையைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி, மாத்திரை போட்டதும் பையனை டிக் அடிக்கச் சொன்னேன், இரண்டாம் சுற்றில்தான்.

கதை அதோடு முடியவில்லை. குதிர் காலியான பிறகு நிரம்பக் காலம் பிடிக்கும், நடுவில் கொஞ்ச மாதம் சுரப்பு குறையலாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். நவம்பரில் எனக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. குளிர், மலச்சிக்கல், பகலெல்லாம் தூக்கம், போன எடை திரும்பி மேலும் 3 கிலோ. முடிக்கு என்று மருந்துக்கடையில் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். ரத்தம் கொடுத்தால் டிஎஸ்ஹெச் மறுபடி குறைவு, டி4 அதிகம் என்று வந்தது. மூன்றாவது தடவை ஸ்டீராய்டா என்று உடைந்தே போனேன். டாக்டர் ரிப்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “முடிக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களா?” பயோட்டின் சில லேப் கருவிகளின் பரிசோதனை முறையையே குழப்பி, இல்லாத சுரப்பு அதிகத்தைக் காட்டுமாம். மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்ததில் டிஎஸ்ஹெச் 28. நேர் எதிர். கொரோனாவுக்குப் பிறகு முடி கொட்டாத பெண் குறைவு, பயோட்டின் வாங்காதவர்களும் குறைவு. தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு அதை நிறுத்திவிடுங்கள், போடுவதை லேபிலும் சொல்லுங்கள்.

குறைந்துபோன ஹார்மோனை ஈடுகட்டுகிற மாத்திரையான தைராக்சின் 50 மைக்ரோகிராம் ஆரம்பித்தோம். வெறும் வயிற்றில், தண்ணீரில், காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. மதுரையில் காலை ஆறு மணிக்குக் காபி இல்லாமல் ஒரு மணி நேரம் உட்காருவது எனக்குப் பெரிய விரதம், ஆனால் அடுத்த பரிசோதனையில் அது வேலை செய்தது தெரிந்தது. இந்த மாத்திரை ஆயுசுக்கும் என்று அம்மா அழுதார். பெரும்பாலானவர்களுக்குச் சுரப்பி தேறிவிடும், சிலருக்கு மட்டும்தான் குறைவு நிலைத்துவிடுகிறது. எனக்கு 2022 மே மாதம் பாதியாகக் குறைத்து, ஆகஸ்டில் நிறுத்தினார்கள். அக்டோபரில் டிஎஸ்ஹெச் 3.1, சரியான அளவு.

ஏற்கெனவே தைராக்சின் எடுக்கிறவர்கள், கொரோனா வந்தால் மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று கேட்கிறார்கள். என் அக்கா பத்து வருஷமாக எடுக்கிறாள், அவளுக்கும் அதே மாதம் கொரோனா வந்தது. மாத்திரையை நிறுத்தவே வேண்டாம், வழக்கமான அளவே தொடரலாம் என்றுதான் சொன்னார்கள், அவளுக்கு ஒன்றும் மாறவில்லை. கடுமையான காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது எடுக்கிற தைராய்டு ரிப்போர்ட்டை வைத்தும் பதற வேண்டாம். உடம்பு பெரிய நோயில் இருக்கும்போது டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோன் தானாகக் குறையும், ஸ்டீராய்டு ஊசி டிஎஸ்ஹெச்சைக் குறைக்கும். தேறிய பிறகு சில வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். சரியான டாக்டரிடம் போய்ச் சேரும் முன்பு 15,000 ரூபாய். அங்கே போன பிறகு கட்டணம், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 3,250. வலியை ஒரே நாளில் நிறுத்திய அந்த மாத்திரைக்கு முதல் மாதம் நூறு ரூபாய்கூட ஆகவில்லை. சம்பளம் போனதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆபீஸ் அக்காவின் தங்கைக்குக் கழுத்தைத் தொட்டால் வலித்ததாம். டிஎஸ்ஹெச், டி4, இஎஸ்ஆர் மூன்றும் போன வாரம் கொடுத்திருக்கிறாள். பல்லில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை.